எஸ்தர் உட்கார்ந்த பாறை

எஸ்தர் நன்றாக இருக்கிறாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் பல வருடம் படம் எடுத்தவள் நான். விபத்துச் செய்தி என்றால் யார் பிழைத்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், வாசிப்பவரைக் கடைசி வரி வரை பதறவிடக் கூடாது என்று அந்த வேலை கற்றுக்கொடுத்திருக்கிறது. இன்று காலையில்கூட எஸ்தர் போன் பண்ணி, மாடியில் காயவைத்த வடகத்தைக் குரங்கு அள்ளிப்போனதைப் பற்றி நெடுநேரம் புலம்பினாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேய், ஆவி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பத்திரிகையில் இருந்தபோது பேய் வீடு என்று எங்கிருந்து தகவல் வந்தாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். கீழப்பாவூர் பக்கம் ஒரு வீட்டில் விளக்கு தானாக எரிந்து தானாக அணைகிறது என்றார்கள். போய்ப் பார்த்து, எலி கடித்த ஒயரைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஆய்க்குடிப் பக்கம் ஒரு கிணறு அழுகிறது என்றார்கள். பம்ப்செட் வால்வில் ஓட்டை. "நீங்க போனா பேய் ஓடிருது மேடம்" என்று நிருபர் சலித்துக்கொண்டு, பிறகு என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் நானிருந்தால் நானும் ஒயரைத்தான் தேடியிருப்பேன்.

எஸ்தர் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறாள். நானும் அவளும் ஒரே விடுதியில் தங்கிப் படித்தவர்கள், அன்றிலிருந்து இன்றுவரை ஒருவரையொருவர் ஏட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். நீரும் காற்றும் பாறையை என்னவெல்லாம் செய்திருக்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் போடலாம், அவள் எழுத வேண்டியது, நான் படம் எடுக்க வேண்டியது என்று பேசிவைத்திருந்தோம். அதற்காகக் குற்றாலத்தைச் சுற்றி விடுமுறை நாளெல்லாம் அலைந்தோம். சீசனில் அருவியைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீரைத்தான் பார்க்கிறார்கள். தண்ணீர் வற்றிக் கிடக்கும்போதுதான் அது செதுக்கிவைத்திருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அப்படிக் கேள்விப்பட்டுப் போன இடம்தான் அது. செங்கோட்டையைத் தாண்டி, ஒரு தோட்டத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்குகிற ஓடை. சீசன் தொடங்க இன்னும் சில வாரம் இருந்தது, கணுக்கால் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடையின் மறுகரையில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பாறை, அதன் நடுவில் பாதிக் கிணற்றை வெட்டி நிறுத்திவைத்ததுபோல ஒரு குடைவு. வெள்ளம் வரும்போதெல்லாம் உள்ளே சிக்கிய கற்கள் சுழன்று சுழன்று அரைத்த குடைவு. உட்புறம் தேய்த்துக் கழுவிய ஆட்டுரல்போல வழவழப்பாக இருந்தது. அடியில் உருண்டைக் கற்கள் சில கிடந்தன. உள்ளே உட்கார வாகாக ஒரு திட்டு.

எங்களை அழைத்துவந்த ஆட்டோக்காரர் காசி, தோட்டத்து வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டார்.

"மழையே இல்லக்கா, தைரியமா போங்க. நான் இங்கன கெடக்கேன்" என்று சொல்லிப் பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிட்டார். வானம் உண்மையிலேயே வெளுத்துத்தான் கிடந்தது. நாலு மணி வெயில் பாறையில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்துக் காட்டியது.

பாறையைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெறும் பாறையை எடுத்தால் அது கைக்கல்லா, மலையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதனால் அளவு காட்ட எதையாவது பக்கத்தில் வைப்போம். சின்னப் பாறைக்குச் சுத்தியல், பெரிய பாறைக்கு ஆள். ஆளை வைத்து ஒரு படம் எடுத்தால், ஆளை எடுத்துவிட்டு அதே இடத்திலிருந்து வெறும் பாறையாக இன்னொரு படமும் எடுத்துவிட வேண்டும். எங்கள் புத்தகத்தில் எல்லாப் பெரிய பாறைக்கும் ஆள் எஸ்தர்தான்.

"என்னைய நம்பித்தாம்ட்டி இந்த மேற்குமலையே நிக்கி" என்று சொல்லிக்கொண்டே ஓடையைத் தாண்டிப் போய்க் குடைவுக்குள் ஏறி, சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்தாள். வெள்ளைச் சுடிதார். எங்கள் சாப்பாட்டுப் பையையும் நிழல் இருக்கிறது என்று படத்தில் விழாதபடி குடைவின் ஓரமாக வைத்துக்கொண்டாள். நான் இந்தக் கரையில் கொஞ்சம் உயரமான பாறையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, முதல் படத்தை எடுத்தேன்.

திரையைப் பார்த்தால் பாறை ஈரமாக இருந்தது.

அழுக்குக் கண்ணாடி என்று நினைத்து லென்ஸைத் துடைத்தேன். நிமிர்ந்து பார்த்தேன். எதிரே பாறை காய்ந்து, பொரிகடலை நிறத்தில் வெயிலில் பளீரென்று இருந்தது. திரையில் அதே பாறை மழையில் நனைந்த சிமெண்டுச் சுவர்போலக் கறுத்திருந்தது. எஸ்தர் மட்டும் வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தாள்.

இன்னொன்று எடுத்தேன். அதுவும் அப்படியே.

எனக்கு உடனே காரணம் தோன்றிவிட்டது. வெயிலில் வெள்ளைத் துணி இருந்தால் கேமரா ஏமாந்துபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மற்றதெல்லாம் இருண்டுபோகும். புதிதாகப் படம் எடுக்கிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது. வெளிச்ச அளவை நானே கையால் கூட்டிவைத்து எடுத்திருக்கலாம். ஏனோ அதைச் செய்யவில்லை, எஸ்தரைத்தான் கூப்பிட்டேன்.

"ஏட்டி, உன் வெள்ளச் சுடிதார்தான் கெடுக்கு. ஏறி இங்கன வா. முதல்ல வெறும் பாறைய எடுத்துக்கிடுதேன்."

"இப்பதாம்ட்டி உக்காந்தேன். செத்த நேரம் இருந்துட்டு வாரேன், நல்லா குளுகுளுன்னு இருக்கு."

"வெயில் போயிரும், வாட்டி."

"கலியாண வீட்டுல போட்டோக்காரன் படுத்துத பாட்ட விட உன் பாடு பெரும்பாடுலா இருக்கு" என்று முனகிக்கொண்டே, கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, கல் கல்லாகக் கால் வைத்து ஓடையைக் கடந்து வந்தாள். சாப்பாட்டுப் பையை எடுக்கவில்லை, மறுபடி அங்கேதானே போய் உட்காரப் போகிறாள்.

அவள் ஓடையின் நடுவில் வந்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெளிச்சம் குறைந்திருந்தால் படம் முழுவதும் அல்லவா இருண்டிருக்க வேண்டும்? திரையில் பாறையின் மேல் பகுதி சரியான நிறத்தில்தான் இருந்தது. ஓரிடத்தில் கோடு கிழித்ததுபோல் நின்று, அதற்குக் கீழேதான் கறுப்பு. அந்தக் கோடு எஸ்தரின் தலைக்கு மேலே ஓடியது.

எஸ்தர் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் வெறும் பாறையை ஒரு படம் எடுத்தேன். வெள்ளைத் துணி இல்லை, ஆளே இல்லை. பாறை அப்போதும் கறுப்பாகவே வந்தது. எஸ்தர் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள்.

"இது வெளிச்சக் கோளாறு இல்லட்டி. ஈரம்லா இது? கோட்டு மேல பாரு, சருகு ஒட்டிக்கிட்டு நிக்கி. தண்ணி ஏறி எறங்குன தடம். எப்ப எடுத்தது?"

"இப்பத்தான். உன் கண்ணு முன்னாலதான எடுத்தேன்."

அவள் எதிரே இருந்த பாறையைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. செங்கோட்டையிலிருந்து கொல்லத்துக்குப் போகிற ரயில் என்றுதான் முதலில் நினைத்தேன். ரயில் சத்தம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்துபோகும், இது தேயவில்லை. எஸ்தர் என் கையைப் பிடித்து இழுத்தாள். முக்காலியோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பாறை மேல் பாறையாக ஏறியது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. திரும்பிப் பார்க்கும்போது ஓடையின் வளைவில் செம்மண் நிறத்தில் ஒரு சுவர் வந்தது. சுவர் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் மரக்கிளைகள் தலைகுப்புற உருண்டு வந்தன. நாங்கள் ஏறி நின்ற பாறைக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் உறுமிக்கொண்டு போனது. எதிர்ப்பக்கக் குடைவு நிரம்பி, உள்ளே கல் அரைபடும் சத்தம் வெள்ளத்தையும் மீறிக் கேட்டது. பிறகு குடைவே தெரியவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் எங்கோ மழை கொட்டியிருக்கிறது. எங்கள் தலைக்கு மேல் அப்போதும் வெயில்தான்.

காசி தோட்டத்துப் பாதையில் ஓடிவந்தார். எங்கள் இருவரையும் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் இருக்கீங்களாக்கா? கடவுளே. நாந்தானக்கா தைரியமா போங்கன்னு சொன்னேன், எனக்கு ஈரக்கொலையே நடுங்கிட்டு. உங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

"காசி, பையும் போச்சு, புளியோதரையும் போச்சு. எங்க அம்ம குடுத்த எவர்சில்வர் டப்பா" என்று எஸ்தர் சொன்னாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை, சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாத சிரிப்பு. காசி எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வந்த வேகத்திலேயே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இருட்டுவதற்கு முன்பே குடைவு வெளியே தெரிந்தது. நான் கேமராத் திரையில் ஆளில்லாத அந்தப் படத்தைக் கொண்டுவந்து எதிரே நீட்டிப் பிடித்தேன். ஈரம் அதே இடத்தில் நின்றிருந்தது. இடது பக்கம் ஒரு வேர் தொங்குகிற இடத்தில் கோடு கொஞ்சம் தாழ்ந்து ஏறும், அதுவும் அப்படியே. கோட்டின் மேல் சருகும் ஒட்டியிருந்தது. எஸ்தரும் பார்த்தாள், காசியும் பார்த்தார். "தண்ணி வடிஞ்சப்புறம் எடுத்ததுதான இது?" என்று காசி கேட்டார். நான் திரையை அணைத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செங்கோட்டைச் சாலையில் ஒரு புரோட்டா கடையில் காசி வண்டியை நிறுத்தினார். அன்று நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டதைப் பார்த்துப் பரிமாறியவரே பயந்திருப்பார். உயிரோடு இருந்தால் எவ்வளவு பசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எஸ்தர் என் இலையிலிருந்த கோழித்துண்டையும் எடுத்துக்கொண்டாள். நான் அவள் மென்று விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தென்காசியில் வீட்டுக்கு வந்ததும் கேமராவின் கடிகாரத்தை என் போனோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. மூன்று படமும் வெள்ளத்துக்கு முன்னால் எடுத்தவைதான். கேமராவைச் சரிபார்க்கக் கொடுத்தேன், ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். எலி கடித்த ஒயரை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் என்னை எதுவோ காப்பாற்றியது என்று சொல்லி நிம்மதியாக இருந்திருப்பேன். பெரும்பாலும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஆனால் மூன்றாவது படத்தை, ஆள் இல்லாத அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பாறை கோடு வரைக்கும் ஈரம், ஓரிடத்தில் மட்டும் ஈரம் இல்லை. மழையில் சுவரோரம் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்து எழுந்துபோனால், அவர் முதுகு பட்ட இடம் மட்டும் காய்ந்து கிடக்குமே, அதுபோல. தலை, தோள், இடுப்பு. எஸ்தர் உட்கார்ந்திருந்த அதே திட்டில். அன்று மாலை நாங்கள் பார்த்த உண்மையான பாறையில் அப்படி ஒரு காய்ந்த இடம் இல்லை, எல்லாம் ஒரே ஈரம்தான்.

எஸ்தர் ஒரு மாதம் அந்தப் படத்தைப் பார்க்க மறுத்தாள். பிறகு ஒருநாள் வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"நீ எடுத்த படத்துலயே இதுலதாம்ட்டி நான் ஒல்லியா இருக்கேன்" என்றாள்.

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஆனால் அவள் இன்னொன்றைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. முதல் இரண்டு படத்திலும் அவள் கைகள் மடியில் இருக்கின்றன. மூன்றாவது படத்தில் காய்ந்த தோளிலிருந்து மெல்லிய கீற்று ஒன்று மேல்நோக்கிப் போய், நுனியில் விரிகிறது. அது ஒரு கை. நான் நின்றிருந்த பக்கம் பார்த்து உயர்ந்திருக்கிறது. அவள் அங்கேயே இருந்திருந்தால், வெள்ளம் வந்த அந்த நேரத்தில் நானோ குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அந்தப் படத்தைத் திறக்கும்போதெல்லாம் என் கை தானாகப் போனை எடுக்கிறது. நேற்றும் அப்படித்தான்.

"என்னட்டி இந்நேரம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"சும்மான்னா வை. அடுப்புல பால் பொங்குது."

வைத்துவிட்டேன். திரையில் அந்தக் கை இன்னும் உயர்ந்தேதான் இருந்தது.