சாமை விதைத்த அஸ்திவாரம்

அப்பா செத்துக் காரியம்கூட முடியவில்லை, மேஸ்திரி பஸ் பிடித்து மலைக்கு வந்துவிட்டார். கண்ணமங்கலத்தில் வரிசையாக வீடு கட்டி விற்கிறவர் அவர். கட்டி முடிக்கும் முன்பே ஒரு வீட்டுக்கு அப்பா அவரிடம் பணம் கொடுத்திருந்தார். மலைக்குளிரில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். அதற்காகத்தான் கீழே வீடு.

அப்பா எதையும் எழுதி வாங்கவில்லை. எங்கள் மலையில் ஒரு நிலத்தில் யார் விதைக்கிறாரோ அவருக்குத்தான் அது. வேறு ஆள் கால் வைக்க மாட்டான். அஸ்திவாரத்துக்குள் நிரப்பிய மண்ணில் அப்பா ஒரு பிடி சாமையைத் தூவிவிட்டு வந்தார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே பார்த்திருந்தாராம்.

இப்போது வாழைப்பழச் சீப்போடு உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். எனக்கு அந்தக் கண்ணீரே பிடிக்கவில்லை.

"வூடு உங்களுதுதாங்க்கா. இதுல ஒரு கைநாட்டு வெச்சிட்டா உங்க பேருக்கு மாத்திடுவேன்."

அவர் நீட்டிய முத்திரைத்தாளில் ஒரு எழுத்தும் இல்லை.

"இன்னாங்க, வெறுந்தாளா கீது?"

"அப்புறம் எழுதிக்கலாம் பாப்பா."

"இன்னா எழுதுவீங்க?"

"அப்பன் வாயே தொறக்க மாட்டாரு. பொண்ணு வக்கீலு!"

அம்மா விரலை நீட்டிவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் போன பிறகு திட்டினாள்.

"உங்கப்பா வெதச்சிட்டாரு டீ. யாரு இன்னா பண்ணிட முடியும்?"

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். சாமை முளைத்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தார்கள். அம்மா குனிந்து ஜல்லியை விலக்கிப் பார்த்தாள். பத்திர ஆபீசுக்குப் போனோம்.

அங்கே பத்திரம் எழுதுகிறவர் முதலில் கேட்டது, "எடம் யாரு பேர்ல கீதும்மா?"

எங்களுக்குத் தெரியவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தால் இடம் மேஸ்திரியின் மனைவி பேரில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்யாவிட்டால் மேஸ்திரி எழுதித் தரும் எதுவும் செல்லாது என்றார்.

நேராக அவள் வீட்டுக்குப் போனோம். மோர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. இவளும் கூட்டாக இருந்தால்?

"துட்டு வாங்கினாரா? என்னாண்ட சொல்லவே இல்லியே!" உள்ளே திரும்பிக் கத்தினாள். "யோவ், வெளிய வாய்யா!"

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். வாங்கியதை இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை.

அந்த வாரமே அவள் பத்திர ஆபீசுக்கு வந்தாள். அப்பா கொடுத்த பணம், வீடு எப்போது முடியவேண்டும், முடியாவிட்டால் என்ன என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். நான் விடவில்லை, பத்திரம் எழுதுகிறவரை முழுக்கப் படிக்கச் சொன்னேன். அம்மா பெயர் வரும் இடத்தில், அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று படித்தார்.

அதுவரை யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"அத்த எடுத்துட முடியாதாங்க?"

"எடுத்தா பத்திரம் நிக்காதும்மா."

வேறு வழி இல்லை. அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினேன். அவள் விரலை மையில் தொட்டாள்.