அரை மணி இடைவெளி

அந்தத் தகரப் பலகையில் என்ன எழுதுவது என்று நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. நன்னிலம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சித்த மருத்துவராக வேலை பார்க்கிறேன். இங்கிலீஷ் மருந்து கிடைக்கும் இடத்திலேயே சித்த மருந்தும் கிடைக்க வேண்டும் என்று அரசு எங்களுக்கு ஓர் அறையைக் கொடுத்து, பின்பக்கம் மூலிகைத் தோட்டமும் போடச் சொல்லியிருந்தது. ஆய்வுக்கு வருகிறார்கள், ஒவ்வொரு செடிக்கும் பெயரும் பயனும் எழுதிப் பலகை வையுங்கள் என்று ஒருநாள் தகவல் வந்தது. சிறியாநங்கைக்கு 'விஷக்கடி' என்று எழுதிக் கொடுத்தேன். பெயின்டர், பாம்புக்கடி என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே என்றார். போடுங்கள் என்றேன். படித்த காலத்துப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பாம்பு கடித்தவருக்கு அந்த இலையைக் கொடுத்து உட்காரவைப்பாயா என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், பைத்தியமா என்று திருப்பிக் கேட்டிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

என் அறையைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. நான் வந்த புதிதில் அது உடைந்த நாற்காலிகளும் காலி அட்டைப் பெட்டிகளும் அடைத்துக் கிடந்த இடம். மெடிக்கல் ஆபீசர் என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர், வாய்தான் சும்மா இருக்காது. கஷாயக் கடையில் இன்றைக்கு வியாபாரம் எப்படி மேடம் என்பார். உங்கள் கடையில் வாங்கித் தீராததுதான் இங்கே வருகிறது சார் என்பேன். இருவரும் சிரித்துக்கொள்வோம். எனக்கு உள்ளே குத்தும். அந்தக் குத்தலாலேயே நான் எல்லாவற்றிலும் கறாராக இருந்தேன். மருந்து சாப்பிடும் முறையை ஒவ்வொருவரிடமும் மூன்று முறை சொல்வேன். இங்கிலீஷ் மருந்தையும் நம் மருந்தையும் ஒன்றாக விழுங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதிக் கொடுப்பேன். மீறியவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். என் திட்டு சுற்று வட்டாரத்தில் பிரசித்தம்.

திட்டு வாங்காதவர் ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய விவசாயி. மூன்று வருடமாக மூட்டுவலிக்கு என்னிடம் எண்ணெயும் சூரணமும், ரத்த அழுத்தத்துக்கு எதிர் அறையில் மாத்திரையும் வாங்குபவர். கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை மணி கணக்குப் போட்டு மருந்து சாப்பிடுவார். ஊரில் நாலு பேரை என்னிடம் அனுப்பியதும் அவர்தான். அவருடைய மனைவி கூடவே வருவார், வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், பேசி நான் கேட்டதில்லை.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கு இன்னும் இரண்டே நாள். காலை பத்தரை மணி இருக்கும், கூட்டம் வடிந்திருந்தது. ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தேன், எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ தெரியவில்லை. யாரோ சிறியாநங்கைச் செடியைச் சாய்த்துப் பிடித்து இலையை உருவிக்கொண்டிருந்தார். இருப்பதே நான்கு செடி. ஆய்வுக்கு வருபவருக்கு மொட்டைக் குச்சியையா காட்டுவது? கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டே போனேன்.

அந்த விவசாயிதான். பாத்தியின் செங்கல் விளிம்பில் அவர் மனைவி உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். சேலையெல்லாம் சேறு. முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பாதத்தில் சேற்றைத் துடைத்த இடத்தில் இரண்டு புள்ளிகள், அவற்றிலிருந்து ரத்தம் நிற்காமல் கசிந்தது. பாதம் வீங்கத் தொடங்கியிருந்தது.

நாற்று பறிக்கும்போது கடித்திருக்கிறது. பாம்பு வரப்புப் பொந்துக்குள் நுழைவதைக் கணவர் பார்த்திருக்கிறார், குட்டையாக, தடியாக இருந்ததாம். மனைவியை வண்டியில் உட்காரவைத்து நேராக இங்கே கொண்டுவந்திருக்கிறார். கடித்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே போகாமல் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்டது அலறலாகத்தான் வந்தது. அவர் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எல குடுத்து பத்து நிமிஷந்தாங்க ஆவுது. இன்னும் இருவது நிமிஷம் போவட்டும், உள்ள போயி ஊசி போட்டுக்கிறோம். நீங்கதான அரை மணி எடவெளி விடணும்னு சொல்லுவீங்க."

விஷமுறிவு மருந்து இருக்கும் குளிர்பதனப் பெட்டி அங்கிருந்து நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அந்த மனிதர் என் பேச்சை மீறக் கூடாது என்பதற்காக மனைவியை வெயிலில் உட்காரவைத்திருந்தார்.

அந்த விதியெல்லாம் இதற்குக் கிடையாது, எழுந்திருங்கள் என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். இலை நன்றாகக் கசக்கிறதாம், ஆகவே விஷம் ஏறவில்லையாம். கடிபட்டவருக்குச் சிறியாநங்கை இனித்தால்தான் ஆபத்து, கசந்தால் பயமில்லை என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. யார் தின்றாலும் கசக்கும் என்று காட்ட நானே ஓர் இலையைப் பறித்து மென்றேன். தொண்டை வரைக்கும் கசந்தது. உங்களைத்தான் பாம்பு கடிக்கவில்லையே என்றார்.

அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மா எழப் பார்த்தார். கணவர் தோளில் கை வைத்து உட்காரவைத்தார். பிறகு பலகையைக் காட்டினார்.

"நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே டாக்டர். இத நம்பித்தான் வயல்லேருந்து நேரா இங்க வந்தேன்."

பெயின்ட் இன்னும் புதிதாக மின்னிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு நர்ஸ் வந்துவிட்டார். மருந்துக்கு நின்றிருந்த நாலைந்து பேரும் அவர் பின்னால் வந்து நின்றார்கள். அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு மூச்சு நேரம் தயங்கினேன். அந்த மூச்சு நேரத்திலும் அந்த அம்மாவின் கால் வீங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். "இந்த இலை பாம்புக்கடிக்கு உதவாது."

கணவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா என்று கேட்டார். இங்கிலீஷ் டாக்டருக்குப் பயந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். என்மேல் அவர் வைத்திருந்த நம்பிக்கையை அந்த நிமிடம் நான் வெறுத்தேன்.

அப்போது அவர் மனைவி மென்ற சக்கையைத் துப்பினார். பச்சையோடு சிவப்பும் விழுந்தது.

"வெத்தல எச்சி" என்றார் கணவர்.

"காலைலேருந்து நான் வெத்தலயே போடலங்க" என்றார் மனைவி. அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஈறுகளில் ரத்தம் கோடாக நின்றது.

அதற்குப் பிறகு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு படி ஏற என் கையைப் பிடிக்கிற மனிதர், மனைவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

மெடிக்கல் ஆபீசர் வெளியூரில் மருத்துவ முகாமுக்குப் போயிருந்தார். நர்ஸ் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி நிறுத்தினார். இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள், உறையாமல் ஓடினால் விரியன் விஷம். மருந்துக் குப்பிகளை எடுத்து வரிசையாக வைத்தார், சலைன் ஏற்றினார். ஆனால் விஷமுறிவு மருந்தைச் செலுத்த மெடிக்கல் ஆபீசர் சொல்ல வேண்டும், அவருடைய போன் கிடைக்கவில்லை. நான் சொல்கிறேன், போடுங்கள் என்றேன். நர்ஸ் என்னைப் பார்க்காமலே, நீங்கள் சொன்னால் நான் போட முடியாது மேடம் என்றார். குரலில் ஏளனம் இல்லை. அவர் வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், உதடுகள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன. எனக்கு அந்த மருந்தை எழுதும் அதிகாரம் இல்லை, அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் சமாளிக்கவும் தெரியாது. அந்த அறையில் டாக்டர் என்று அழைக்கப்பட்டவள் நான் ஒருத்திதான். மாற்றி மாற்றி போன் போடுவது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

குழாயில் ரத்தம் பளபளவென்று நின்றது. வாசலில் நின்ற கணவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பதினோராவது நிமிடம் மெடிக்கல் ஆபீசரே கூப்பிட்டார். ஈறில் ரத்தம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், எதற்கும் காத்திருக்க வேண்டாம், ஆரம்பியுங்கள், கிளம்பிவிட்டேன் என்றார். மருந்து இறங்க ஆரம்பித்தது. இருபதாவது நிமிடம் நர்ஸ் குழாயைச் சாய்த்தார். தண்ணீராக ஓடியது.

மெடிக்கல் ஆபீசர் வந்து, ஆம்புலன்ஸில் அவர்களோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைவரை போனார். கிளம்பும்போது என்னிடம் கஷாயக் கடை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். தோட்டத்தில் போன அந்தப் பதினைந்து இருபது நிமிடத்தால் ஆனதா, இல்லையென்றாலும் ஆகியிருக்குமா என்று மெடிக்கல் ஆபீசரைக் கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். என்மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாம்பு கடித்த அன்று மதியமே பலகையைப் பிடுங்கிவிட்டேன். ஆய்வுக்கு வந்தவர் அந்தச் செடிக்கு மட்டும் ஏன் பலகை இல்லை என்று கேட்டார். அதற்குள் இலையால்தான் ஒரு பெண் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள் என்று ஊரில் பேச்சாகி, அவர் காதுக்கும் போயிருந்தது. நம் மருத்துவத்துக்கு நல்ல பெயர் கிடைக்கிற விஷயம், பதிவேட்டில் விரிவாக எழுதுங்கள் என்றார். எழுதினேன். பலகையைப் பார்த்து இலை கொடுத்ததால் சிகிச்சை தாமதமானது, பலகையில் எழுதக் கொடுத்தவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் படித்துவிட்டு, இதெல்லாம் எதற்கு மேடம் என்று பதிவேட்டை மூடினார்.

சம்பா அறுவடை முடிந்து இருவரும் வந்தார்கள். இந்தத் தடவை மனைவி பெஞ்சில் உட்காராமல் காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளேயே வந்துவிட்டார். மூட்டுக்கு எண்ணெய் கேட்ட கணவர், கூடவே இன்னொன்றும் கேட்டார்.

"சிறியாநங்கை ஒரு கன்னு குடுங்க டாக்டர். கொல்லையில வச்சுக்கிறோம். அன்னைக்கு அந்த எலதான வெஷத்தத் தாங்கிப் புடிச்சுது."

அன்று தோட்டத்தில் சொன்னதை மறுபடி சொன்னேன். மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் தலையாட்டினார், காய்ச்சலில் பிதற்றுபவருக்குத் தலையாட்டுகிற மாதிரி. கடைசியில் மனைவிதான் பேசினார்.

"கன்னு வேணாம் டாக்டர். செடி கொல்லையில இருந்தா, இவரு அங்கயே அரை மணி நேரம் ஒக்காந்துருவாரு."

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் எண்ணெய் பாட்டிலை எடுத்து, தடவும் முறையை எழுதுவதற்காகப் பேனாவைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதை எழுதினாலும் அதை அப்படியே செய்வார். எழுத எனக்குப் பயமாக இருந்தது.