மேசைமேல் கொட்டிய பை

சுந்தரிக்கு மனிதர்களைவிட அவர்களுடைய பைகளைத்தான் நன்றாகத் தெரியும். முழுப்பெயர் சிவகாமசுந்தரி, சட்டையில் குத்திய பெயரட்டையில் அவ்வளவுக்கு இடமில்லை. கேளிக்கைப் பூங்காவின் நுழைவாயிலில் ஏழு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஜிப்பைத் திறக்க வேண்டும், குச்சியால் சாமான்களை விலக்கிப் பார்க்க வேண்டும், "ஓகே, என்ஜாய்" என்று அனுப்ப வேண்டும். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. அவளால் போக முடியவில்லை. கணவர் இறந்தபின் மகன் வீட்டுக்கு வந்தாள். சம்பளம் வரும்வரைதான் அங்கே மரியாதை. வேலை போய்விட்டால் மருமகளின் முகத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுந்தரி ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

நிர்வாகம் அவ்வப்போது ஆள் அனுப்பிக் காவலர்களைச் சோதிக்கும். சாதாரணப் பார்வையாளர்போலவே வருவார்கள். பையில் தடைசெய்த பொருள் ஏதாவது இருக்கும். போன வருடம் அப்படி வந்த ஒருத்தி, "அக்கா, தமிழா நீங்க? சாப்டீங்களா?" என்று சிரித்தாள். நாள் முழுக்க யாரும் கேட்காத கேள்வி. சுந்தரி உருகிப்போய், பையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பினாள். ஆப்பிள்களுக்கு அடியில் பழம் நறுக்கும் கத்தி இருந்திருக்கிறது. எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொரு தடவை தவறினால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. அறுபது வயதில் அவளை வேறு யார் எடுப்பார்கள்?

இந்த வருட ஒப்பந்தம் முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் ஜைனப் என்ற பெண் வந்தாள். பள்ளி விடுமுறை, வரிசை பேருந்து நிறுத்தம்வரை நீண்டிருந்தது. பொங்கோல் வட்டாரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். கணவர் ரவூப் சக்கர நாற்காலியில். ஐம்பதுகூட ஆகாத மனிதர், பக்கவாதம். கூடவே பன்னிரண்டு வயது மகள் நஸீஹா.

"என்னக்கா, வெயில்லயே நிக்கிறீங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்றாள் ஜைனப்.

சுந்தரியின் முதுகு விறைத்தது. பையைத் திறந்தாள். நான்கு ஆப்பிள், அடியில் ஒரு சின்னக் கத்தி. மறுபடியும் அதே நாடகம். இவர்களுக்குப் புதிதாக ஒன்று யோசிக்கக்கூடத் தோன்றாதா?

"சாரிக்கா, அவரால கடிக்க முடியாது. நறுக்கிக் குடுக்கத்தான் வச்சிருந்தேன். வேணும்னா நீங்களே வச்சுக்குங்க."

"பையில உள்ளது எல்லாத்தயும் வெளிய எடுக்கணும்."

"உள்ள ரூம் எதாச்சும் இருக்காக்கா? கொஞ்சம் மறைவா..."

"இங்கதான்."

பத்தடி தள்ளித் திரை போட்ட அறை இருந்தது. அங்கே கேமரா இல்லை. தான் எவ்வளவு கறார் என்பது மாடியில் உட்கார்ந்து கேமராக் காட்சியைப் பார்க்கும் மேற்பார்வையாளர் ரித்திக்குக்குத் தெரிய வேண்டாமா? பையை மேசைமேல் கவிழ்த்தாள். மாத்திரைகள், ஈரத்தாள், மாற்றுக் கால்சட்டை, பெரியவர்களுக்கான டயப்பர்கள். ஒவ்வொன்றாகத் தூக்கி, பிரித்து, வெளிச்சத்தில் காட்டினாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரவூப் அசையும் ஒரே கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நஸீஹா இரண்டடி பின்னால் நகர்ந்தாள். பிறகு இன்னும் ஓரடி. வேறொரு குடும்பத்துப் பிள்ளைபோல அவர்களோடு போய் நின்றுகொண்டாள்.

அப்போதுதான் சுந்தரிக்கு உறைத்தது. சோதிக்க வந்தவர்களின் பிள்ளை அப்படி நகராது. "மன்னிச்சுக்கம்மா" என்று டயப்பரை மடிக்கப் போனாள்.

"தொடாதீங்க" என்றாள் ஜைனப். சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் தானே பொறுக்கி வைத்தாள்.

"வீட்... வீட்டுக்குப் போலாம்" என்றார் ரவூப். நாற்காலி வந்த வழியே திரும்பியது. மகள் வெகுதூரம் பின்தங்கித்தான் நடந்தாள்.

அன்று சாயங்காலம் ரித்திக் அவளைக் கூப்பிட்டான். "சூப்பர் லா, சுந்தரிக்கா. ஃபுல்லா பாத்தேன். மேல ரிப்போர்ட் பண்ணிட்டேன்."

"அது டெஸ்ட்டா, தம்பி?"

"இல்ல லா, அவங்க நெஜ கெஸ்ட்தான். ஆனா நீங்க செஞ்சது கரெக்ட்."

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த மாதம் புதியவர்களுக்கான பயிற்சியில் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினார்கள். சுந்தரியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "பாருங்க, அக்கா அவங்க மூஞ்சியவே பாக்கல. பேக்க மட்டும்தான் பாக்குறாங்க" என்றான் ரித்திக். எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

புதிதாகச் சேர்ந்த சிவானி கையைத் தூக்கினாள். "அக்கா, அந்தப் பொம்பள நெஜமாவே டேஞ்சரான ஆளா?"

அறையில் எல்லோரும் சுந்தரியைப் பார்த்தார்கள். ரித்திக்கும் பார்த்தான்.

"ஆமா" என்றாள் சுந்தரி. "கத்தி வச்சிருந்தா."