உள்ளங்கால் பார்க்கும் நேரம்

நாற்பத்தாறு வயதில், என் பாதங்களை நான் பார்த்தே பல வருஷங்கள் ஆகியிருந்தன. குனிந்தால் வயிறுதான் தெரியும். செருப்பு மாட்டுவதுகூட இருட்டில் சுவிட்ச் தேடுகிற மாதிரி தடவித் தடவித்தான். வீட்டில் இருந்த சின்ன எடை மெஷின் நூறு கிலோவைத் தாண்டினால் கையை விரித்துவிடும். கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். சமையல் செய்கிற அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரம் பார்த்து, ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி நிறுக்கும் தராசில் ஏறி நிற்பேன். நூற்றுப் பதினெட்டு காட்டும். ஐம்பது கிலோ மூட்டை இரண்டு, அதற்கு மேலும் கொஞ்சம். இறங்கிக் கதவைத் திறந்து, ஒன்றும் நடக்காதவள் போல அரிசி அளப்பேன்.

சர்க்கரை எனக்கு முப்பத்து நாலு வயதில் வந்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பே என் வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது. அவர் என் அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பாவா என்று கூப்பிட்டுப் பழக்கம், பிறகும் அதுவே நின்றுவிட்டது. ஆள் ஒல்லி. திருவாலங்காட்டுப் பக்கம் எங்களுக்கு நிலம், ஆலைக்குக் கரும்பு போடுகிறோம். திருத்தணியில் மலையடிவாரத்தில் வீடு. காலையில் வண்டியை எடுத்தால் பொழுது சாயத்தான் திரும்புவார். “ஆலைக்கு ஏத்துனது போவ மீதிய ரெண்டு பேரும் ரத்தத்துல வச்சிகினு கீறாங்க” என்று என் நாத்தனார் கிண்டல் செய்வாள். நாங்களும் சிரிப்போம். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் இடத்தில் என் இன்சுலின் இருக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, வயிற்றில் குத்திக்கொள்வேன். அவர் ஊசிக்குப் பயந்தவர், மாத்திரையோடு சரி. பொங்கலன்று வெல்லம் போடாத பொங்கலை ஒரு சின்னக் கிண்ணத்தில் எனக்காகத் தனியாக எடுத்து வைப்பார்கள். எல்லோரும் இனிப்பைச் சாப்பிடும்போது அந்தக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருக்கும். அதற்காகவே யாரும் பார்க்காதபோது அடுப்படியில் நின்று இரண்டு கரண்டி வழித்துச் சாப்பிட்டுவிடுவேன். மறுநாள் இன்சுலினைக் கூட்டிக்கொள்வேன். இப்படியேதான் பன்னிரண்டு வருஷம் போனது.

அரக்கோணத்தில் நாங்கள் பார்க்கும் சர்க்கரை டாக்டர் ஒருமுறை மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்து, இருவரையும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். தொடும்போது ஆங் என்று சொல்ல வேண்டும். நான் ஏறக்குறைய எல்லா இடத்திலும் சொன்னேன். பாவா பத்து இடத்தில் மூன்று இடத்துக்குத்தான் சொன்னார். டாக்டர் அவரிடம், முள் ஏறினாலும் நெருப்பை மிதித்தாலும் உங்களுக்குத் தெரியாது, அதனால் தினமும் கண்ணால் பார்த்தாக வேண்டும் என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். நான் வயிற்றைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் ஒருவர் காலை இன்னொருவர் பாருங்கள் என்றார்.

அன்றிலிருந்து அது எங்கள் வீட்டு வழக்கமானது. மாலையில் விளக்கேற்றிய பிறகு நான் நாற்காலியில் உட்காருவேன். பாவா எதிரே ஸ்டூலைப் போட்டு, மடியில் துண்டை விரித்து, என் காலை எடுத்து வைத்துக்கொள்வார். செல்போன் டார்ச்சை அடித்து, ஒவ்வொரு விரலாக விலக்கி, குதிகால் வெடிப்பு வரைக்கும் பார்ப்பார். கடைசியில் கட்டைவிரலால் உள்ளங்காலில் ஒரு தடவு தடவி, “சுத்தமா கீது” என்பார். பிறகு இடம் மாறிக்கொள்வோம். கட்டிய பெண்டாட்டியின் காலைப் புருஷன் மடியில் வைத்துக்கொள்வதா என்று முதலில் எனக்குக் கூச்சம். ஜன்னல் கதவைச் சாத்தச் சொல்வேன். போகப் போக, நாள் முழுக்க யாரிடமும் சொல்லாத சங்கதிகளை நாங்கள் பேசிக்கொண்டது அந்த நேரத்தில்தான். எந்த வரப்பில் எலி வளை, எந்த டீச்சருக்கு என்ன கோபம் என்பதெல்லாம் காலைப் பிடித்தபடிதான் பேச்சு வரும். இத்தனை பெரிய உடம்பை ஒருவர் முகம் சுளிக்காமல் தொடுகிறார் என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போது நான் அவரிடம் சொல்லவில்லை.

இன்சுலின் ஏற ஏற எடை ஏறியது, எடை ஏற ஏற இன்சுலின் ஏறியது. சென்னையில் வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள், எடையும் குறையும், உங்கள் மாதிரி ஆட்களுக்குச் சர்க்கரையும் பெரும்பாலும் அடங்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் கூடப் பிறந்தவர்கள் வேண்டவே வேண்டாம் என்றார்கள். நல்ல வயிற்றை யாராவது அறுப்பார்களா என்றார்கள். பாவா மட்டும், “அது நல்ல வயிறுன்னு யார் சொன்னது?” என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். தை மாசம் ஆபரேஷன் நடந்தது. என்னை உள்ளே கொண்டுபோன பிறகு, என் கொலுசையும் தாலிச் சரடையும் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர், அங்கேயே வேண்டிக்கொண்டாராம். நான் நல்லபடியாகத் திரும்பினால் ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலோடு புஷ்பக் காவடி எடுக்கிறேன் என்று.

பதினைந்து நாள் வெறும் தண்ணீரும் மோரும்தான். பிறகு குழைத்த சோறு, அதுவும் நாலு ஸ்பூன். ஐந்தாவது ஸ்பூன் போனால் குமட்டி வாந்தி வரும். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. நூறு குழந்தைகளுக்குச் சாம்பார் தாளிக்கும் வாசனையில் நின்றுகொண்டு, சாப்பாடு என்ற ஒரே தோழியையும் தொலைத்துவிட்டேனே என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட நாளும் உண்டு. ஆனால் மூன்றாம் மாதம் இன்சுலினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் அந்த இடத்தில் மறுபடி முட்டையை வைத்தேன். தெருவில் பார்ப்பவர்கள் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, சர்க்கரை முற்றிப்போய் இளைத்துவிட்டாயா என்று கேட்டார்கள். குணமானதால் இளைத்தேன் என்றால் யாரும் நம்பவில்லை.

சித்திரையில் ஒருநாள் குளிக்கும்போது சோப்பு கைநழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன். என் இரண்டு பாதங்களும் பத்து விரல்களும் தெரிந்தன. இடது காலில் என் அம்மாவுடையதைப் போலவே சுண்டுவிரல் மடங்கியிருப்பதை மறந்தே போயிருந்தேன். அப்படியே பாத்ரூம் தரையில் உட்கார்ந்து அழுதேன். அது சந்தோஷ அழுகைதான்.

அன்று மாலை பாவா ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, காலை மடக்கித் தொடைமேல் போட்டுக்காட்டி, “இனிமே நானே பாத்துக்குவேன் பாவா” என்றேன். பெருமை எனக்கு. அவர் “ஆங், சரி” என்று சொல்லி மடியில் விரித்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். தன் காலைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அவரவர் காலை அவரவர் பார்ப்பது என்று அந்த நிமிஷத்தில் பேசாமலேயே முடிவாகிவிட்டது. ஆனால் அவர் பார்க்கிறாரா என்று நான் பார்க்கவில்லை. எனக்கு அப்போது ரவிக்கை பிடிக்கவும், கண்ணாடி பார்க்கவும், மலையைச் சுற்றி நடக்கவுமே நேரம் சரியாக இருந்தது. இதை எழுதும்போது என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஆடிக் கிருத்திகை வந்தது. சாக்ஸ் போட்டுக்கொண்டாவது போங்கள், வேண்டுமானால் டாக்டரைக் கேட்போம் என்று முதல் நாள் சொன்னேன். “முருகன்கிட்ட சாக்ஸ் போட்டுகினு போவாங்களா?” என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்தப் பேச்சு நின்றது.

சரவணப் பொய்கையில் குளித்துக் காவடி எடுத்துக் கிளம்பும்போது வெயில் ஏறியிருந்தது. கூட்டம் சொல்லி முடியாது. படிக்கட்டுக்கு முன்னால், தார் ரோட்டில், வரிசை நகராமல் நின்றுவிட்டது. நானும் வெறுங்கால்தான். ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி, ஈரத் துணி போட்டிருந்த இடத்துக்கு ஓடி, பந்தல் நிழலுக்கு ஓடி, சின்னப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டிருந்தேன். பாவா மஞ்சள் வேட்டியில், தோளில் பூக்காவடியோடு, நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். “சுடுது பாவா, இப்பிடி நிழலுக்கு வா” என்றேன். “எனக்குச் சுடலியே” என்றார். பக்கத்தில் நின்ற ஆந்திராக்கார அம்மா ஒருத்தி அவர் காலையும் முகத்தையும் பார்த்துவிட்டுத் தெலுங்கில் ஏதோ சொல்லிக் கும்பிட்டாள். சாமி தாங்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். சுற்றி இருந்தவர்கள் அரோகரா போட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எனக்காக வேண்டிக்கொண்ட மனுஷனைத் தெய்வம் தாங்குகிறது என்று நானும் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நெருப்பை மிதித்தாலும் தெரியாது என்று டாக்டர் சொன்னதை, அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிரக் கேட்டவள் நான் ஒருத்திதான். எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

பிறகு முந்நூற்று அறுபத்தைந்து படியையும் மூச்சு வாங்காமல் ஏறினேன். பல வருஷமாக ஆட்டோவில்தான் மேலே போய்வந்தவள். எந்தப் படியிலும் உட்காரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அவருக்கு முன்னால் ஏறிப்போய்விட்டேன். திரும்பிப் பார்த்திருந்தால் படியில் அவர் கால் வைத்த இடம் தெரிந்திருக்கும்.

படியேறும்போதே கொப்புளம் உடைந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுத் தரையில் ஈரம் இருந்ததை, கோயிலிலிருந்து கொண்டுவந்த அபிஷேகத் தண்ணீர் என்று நினைத்துத் துடைத்தேன். இரண்டாம் நாள் வழக்கம்போல ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனார், கரும்புக்குத் தண்ணீர் கட்டினார். வலி என்று ஒன்று இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். பதினோராம் நாள் துணி துவைக்க அவர் வேட்டியை எடுத்தேன், வாடை அடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் காலை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அதை நான் எழுதப்போவதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் என்னைவிட ஆச்சரியமாகத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்குத் தெரியலம்மே. நீதான பாப்ப” என்றார். குறையாகச் சொல்லவில்லை. பால் பொங்கிவிட்டதைச் சொல்வதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

முதலில் இரண்டு விரல். பிறகு பாதி பாதம். ஐப்பசியில் முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் இதோடு நின்றுவிடும் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, அவர் தை மாசம் உட்கார்ந்திருந்த மாதிரியே, அவர் மோதிரத்தையும் அரைஞாண் கயிற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வேண்டிக்கொள்ளப் பயமாக இருந்தது.

இப்போது என் எடை எழுபத்திரண்டு. சர்க்கரைக்கு மாத்திரைகூடக் கிடையாது. அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவில் முட்டை வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஊசிக்குப் பயந்தவருக்கு நான்தான் போட்டுவிடுகிறேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை மங்கிவிட்டது, ஆள் அசைவது தெரிகிறது, முகம் தெரியவில்லை என்கிறார். விரல் நுனிகளும் மரத்துவிட்டன, சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டும். நான் அழகாக இளைத்துவிட்டேன் என்று ஊரே சொல்கிறது. அதைச் சரியாகப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

விளக்கேற்றியதும் நான் ஸ்டூலைப் போட்டு, மடியில் துண்டு விரித்து, மிச்சமிருக்கும் அந்த ஒரு காலைப் பார்க்கிறேன். ஒருநாளும் தவறுவதில்லை. போன வாரம் பார்த்து முடித்துத் துண்டை மடிக்கப் போனேன். “உன் காலக் காட்டும்மே. எவ்ளோ நாளாச்சு” என்றார்.

வேண்டாம், நானே காலையில் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன். நாற்காலியை அருகே இழுத்து, அவர் மடியில் துண்டை விரித்து, வலது காலை வைத்தேன். டார்ச்சைக் கேட்டு வாங்கினார். மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, விரல் விரலாக விலக்கினார். முந்தின நாள் ஸ்டோர் ரூமில் எண்ணெய் டின் மூடி கிழித்து, சுண்டுவிரலுக்குக் கீழே எனக்கு ஒரு காயம் இருந்தது. களிம்பு போட்டிருந்தேன், ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் கட்டைவிரல் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே வந்தது. காயத்தின்மேல் ஏறியது. நிற்காமல் போயிற்று. எனக்குச் சுரீர் என்றது.

“சுத்தமா கீது” என்றார்.

“ஆங் பாவா” என்று சொல்லிவிட்டு, மற்ற காலையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன்.