லூர்துசாமிக்குத் தெரிந்த ‘ஏதோ கொஞ்சம்’

லூர்துசாமி கடலூர் முதுநகரில் இங்கிலீஷ் வாத்தியார். ‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளைகளை மற்றவர்கள் பிரம்பால் திருத்துவார்கள். இவர் நீள நோட்டை எடுப்பார். பக்கத்தின் நடுவே ஒரு கோடு, இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் இங்கிலீஷ். தமிழில் வினைச்சொல் கடைசி பெஞ்சில் உட்காரும், இங்கிலீஷில் முந்திக்கொண்டு ஓடிவரும் என்று எழுதி வைத்திருந்தார். பையன் தடுக்கி விழுவது இரண்டு மொழிக்கும் நடுவில் உள்ள வரப்பில்தான், வரப்பைக் காட்டிவிட்டால் தாண்டிவிடுவான் என்பது அவர் கட்சி. பதினோரு வருஷத்தில் நான்கு நோட்டுகள் நிரம்பின. ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. மனைவி பாத்திமா மேரி அவசரத்துக்குக் குழம்புச் சட்டியை இறக்கி வைத்த வட்டம் மட்டும் ஓர் அட்டையில் இருந்தது.

அறுபத்து நாலில் மிஸ் கார்லா என்ற அமெரிக்கப் பெண்மணி தமிழ் படிக்கச் சிதம்பரத்தில் வந்து தங்கினாள். இரண்டு மொழியையும் ஒப்பிட்டுச் சொல்லித்தர ஆள் தேடுகிறாள், சனி ஞாயிறு போனால் போதும் என்று பங்குச் சாமியார் சொன்னார். அன்றிலிருந்து லூர்துசாமிக்குச் சோறு இறங்கவில்லை. தன் நோட்டைப் படிக்க உலகத்தில் ஓர் ஆள் வந்திருக்கிறது. அதுவும் கைநழுவிப் போனால்? ரயிலில், பரங்கிப்பேட்டை வருவதற்குள் நோட்டு இருக்கிறதா என்று மூன்று முறை பையைத் திறந்து பார்த்தார்.

மிஸ் கார்லா சுற்றி வளைக்கவில்லை. இரண்டு மொழியும் எங்கெங்கே வேறுபடும் என்று உங்களுக்கு நன்றாகத் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர் இதற்கு ஆமாம் என்று எப்படிச் சொல்வார்? ஏதோ கொஞ்சம் தெரியும், என்னைவிடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் என்று தலை குனிந்தார். நம்மூர் ஆளாக இருந்தால், இவ்வளவு அடக்கமா, பெரிய படிப்பாளிதான் என்று நோட்டைப் பிடுங்கிப் பார்த்திருப்பார். அவளோ பேனாவைத் திறந்து, அந்தத் தெரிந்தவர்களில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். பேச்சுக்குச் சொன்னதற்கு யாரைக் காட்டுவது? பக்கத்து வகுப்புத் தட்சிணாமூர்த்தி பெயர்தான் வாயில் வந்தது. அவர் கணக்கு வாத்தியார். அவள் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பிவிட்டாள்.

பாத்திமா மேரி முழுவதையும் கேட்டாள்.

“ஏங்க, பொண்ணு பாக்கப் போன எடத்துல, என்னவிட எதுத்த வூட்டுக்காரன் நல்ல மாப்ளன்னு சொல்லிட்டு வந்துருக்கீங்க. நல்லவேள, எங்க வூட்டுக்கு வந்தப்ப உங்க அப்பாரு உங்களப் பேச வுடல.”

அடுத்த வாரம் தட்சிணாமூர்த்திக்குக் கடிதம் வந்தது. போனார். அவரும் நல்ல குடும்பம்தானே? எனக்கு என்ன தெரியும், லூர்து சாருக்கு முன்னால் நான் தூசு என்றார். சொன்னது உண்மைதான், ஆனால் உண்மை என்று நினைத்து அவர் சொல்லவில்லை. குழம்பிப்போன மிஸ் கார்லா, இருவரும் சேர்ந்து வாருங்கள் என்று எழுதினாள்.

வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, நீங்க சொல்லுங்க சார், நீங்க இருக்கறப்ப நானா என்று இருவரும் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டார்கள். அவள் பேனாவை மூடி எழுந்துவிட்டாள். அப்போதுதான் லூர்துசாமிக்கு உறைத்தது. ஒலியை எழுதினோம், சொல் வரிசையை எழுதினோம். மனுஷன் தன்னைப் பற்றி எப்படிப் பேசுவான் என்று எழுதவில்லையே! பிள்ளைகளுக்கெல்லாம் வரப்பைக் காட்டியவர் அதே வரப்பில் குப்புற விழுந்து கிடந்தார்.

“அம்மா, தெரிஞ்சவன் கொஞ்சம் தெரியும்னுதான் சொல்லுவான். எங்க வழக்கம் அது.”

“தெரியாதவன்?”

“அவன் எல்லாம் தெரியும்பான்.”

அவள் சிரித்தாள். ஆனாலும் விடவில்லை. இப்போது எங்கள் வழக்கப்படி சொல்லுங்கள், உங்களுக்குத் தெரியுமா என்றாள்.

லூர்துசாமிக்குச் சட்டை நனைந்தது. தரையைப் பார்த்தபடி, தெரியும், நன்றாகவே தெரியும், இதை இவ்வளவு எழுதி வைத்தவர் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொல்லி, நான்கு நோட்டையும் மேசைமேல் வைத்தார். அவள் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள். சனிக்கிழமையே வந்துவிடுங்கள் என்றாள்.

திரும்பும்போது, ரயில் கிள்ளையைத் தாண்டியதும் தட்சிணாமூர்த்தி கேட்டார்.

“நான் ஒரு மரியாதைக்குச் சொன்னா, நீங்க அத நெஜமாவே ஒத்துக்குறதா சார்?”