பந்திக்கு அழைத்த பாட்டு

என் மகளின் கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். பேராவூரணிப் பக்கத்தில் இணையத்திலிருந்து பாட்டை இறக்கிக் கல்யாணப் பந்தலில் ஒலிக்கவிட்ட முதல் பெண் நான்தான். இல்லையென்பவர்கள் நேரில் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

அப்பா மைக்செட் வைத்திருந்தார். முதல் நாளே தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடிந்ததும் முதல் பாட்டைப் போடுவார். எந்த வீட்டுக்கு எந்த முதல் பாட்டு என்பதில் கணக்காக இருப்பார். அதைக் கேட்டுத்தான் ஊரே கல்யாணத்துக்குக் குளிக்கப் போகும். ஆனாலும் அவருக்கு ஒரு குறை. "பந்தலப் பிரிச்சதும் நம்மள மறந்துடுவாங்க" என்று அடிக்கடி சொல்வார்.

நான் தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒருவர் கம்ப்யூட்டரும் ஆளுயரப் பெட்டி ஸ்பீக்கரும் இறக்கினார். எங்கள் வாடிக்கை மொத்தமும் அங்கே போனது. மிஞ்சியது ஒரு பாய் வீட்டுக் கல்யாணம். "மூத்த பொண்ணுக்குப் போட்ட அதே பாட்டுல ஆரம்பிச்சுடுங்கண்ணே, அவ அம்மா ஆசைப்படுது" என்று சொல்லிவிட்டுப் போனார் பாய். அப்பா பெட்டியைத் திறந்தால் அந்த இசைத்தட்டு இரண்டாகப் பிளந்து கிடந்தது.

தஞ்சாவூர்க் கடைகளில் கேட்டாயிற்று, நாகப்பட்டினத்திலும் கேட்டாயிற்று. கிடைக்கவில்லை.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா செட்ட வித்துட்டுத் தேங்கா உரிக்கப் போறேன்" என்றார் அப்பா. அவர் சொன்னால் செய்வார். அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டருக்குப் போனேன். நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் தளம் ஒன்று அப்போதுதான் எங்களுக்கெல்லாம் அறிமுகமாகியிருந்தது. முகம் காட்டப் பயந்து எல்லோரும் ரோஜாப்பூப் படம் வைத்திருப்போம். அதில் டெல்டாக்காரர்களுக்கு ஒரு குழு இருந்தது. பாதிப் பேர் வளைகுடாவில் இருந்துகொண்டு ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். பாட்டின் முதல் இரண்டு வரியை ஆங்கில எழுத்தில் தட்டி, யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டு வரவில்லை. என்னோடு நட்பாக வேண்டும் என்று ஒரு கூட்டம்தான் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் கப்பல் படம் வைத்திருந்த ஒருவர் குவைத்திலிருந்து எழுதினார். "தங்கச்சி, எங்க வீட்டு கேசட்ல இருக்கு. லீவு அன்னிக்குக் கம்ப்யூட்டர்ல ஏத்தி அனுப்புறேன்."

சொன்னபடியே அனுப்பினார். பாதி இறங்கும்போது கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து. இறங்கி முடித்தபோது கடை சாத்தும் நேரம். இரண்டு வரி மட்டும் கேட்டுவிட்டு, சரிதான் என்று சிடியில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

கல்யாணத்தன்று காலை பாய் வீட்டு டிவிடி பிளேயரை அப்பாவின் ஆம்ப்ளிபயரில் இணைத்தோம். பாட்டு எழுந்தது. பாயின் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து நின்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

இரண்டாவது சரணத்தில் பாட்டு அமுங்கியது. குழாயிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"சஹன் தட்டு வெச்சாச்சு. நாலு நாலு பேரா சேர்ந்து உட்காருங்க."

அப்பாவின் கையில் மைக் இல்லை. பல் விளக்கிக்கொண்டிருந்த உறவினர்கள் இரண்டு பேர் வாயைத் துடைத்துக்கொண்டு பந்திப் பக்கம் நடந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "யாருங்க கூப்ட்டது? இன்னும் அடுப்பே பத்தல."

அப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. குவைத்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் இவர்தான் செட் போட்டிருக்கிறார். அவர்கள் பந்தலில் டேப்ரிக்கார்டரை வைத்து, குழாயில் வந்த அத்தனையையும் பதிந்திருக்கிறார்கள். அதைப் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்துக் கேட்டிருக்கிறார்கள்.

"நிறுத்திடவாப்பா?" என்றேன்.

"இருக்கட்டும்."

பாட்டு முடியும்வரை குழாயை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்தது. மைக்கில் அறிவிப்பைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாதவர், அதை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார்.

"பந்திக்கு இன்னும் நேரமிருக்கு. இப்பக் கூப்பிட்டதும் நான்தான், ஆனா அது பழைய கல்யாணம். அதக் குவைத்துலேருந்து கொண்டாந்தது எம் பொண்ணு."