வானவருக்கு அம்மைத் தழும்பு

ஃபைசாபாத்தில் எங்கள் தெருமுனையில் தந்தூர் அடுப்பு வைத்து ரொட்டி சுட்டு விற்றவள் வசீரா. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வாயைத் திறந்தால் வசவு.

டெல்லி சூறையாடப்பட்டபோது நானும் என் கணவர் இனாயத்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்கு வந்து சேர்ந்தோம். அவர் ஓவியர். புது ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குச் சோறு போட்டவள் வசீராதான். ரொட்டியும் உளுத்தம்பருப்பும் கொண்டுவந்து வாசலில் ணங்கென்று வைப்பாள்.

"கொட்டிக்கோங்க. நீங்க செத்துத் தொலைஞ்சா பொணத்தைத் தூக்க எம் புருஷன்தான் வரணும். அந்த ஆளுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி."

ஒருவழியாக மிர்ஸா பட்டம் பெற்ற ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்து படம் கேட்டு ஆள் வந்தது. அரியணையைத் துறந்து காட்டுக்குப் போன இறைநேசர் இப்ராஹீம் இப்னு அத்ஹமுக்கு வானவர்கள் உணவுத் தட்டு ஏந்தி வருகிற காட்சி. பிடித்துப்போனால் நிரந்தர வேலை.

இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? முன்னால் நிற்கும் வானவருக்கு வசீராவின் முகத்தை வைத்தார், தழும்பு உட்பட. பார்வையிட வந்த மிர்ஸாவின் காரியஸ்தர் முகம் சுளித்தார்.

"வானவருக்கு அம்மை போட்டுச்சா? நாளைக்குள்ள மாத்தும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

அவர் போனதும் இவர், "மாத்த மாட்டேன். எனக்குச் சோறு கொண்டுவந்த முகம் இதுதான்" என்றார். கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். அசையவில்லை. வந்த ஆத்திரத்தில் நேரே போய் வசீராவிடமே சொல்லிவிட்டேன்.

மாவுக் கையோடு வந்தாள். பலகையில் இருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். மாவு படாத புறங்கையால் தன் கன்னத்துத் தழும்பைத் தடவினாள்.

"றெக்கை வேற வச்சிருக்கீரு" என்றாள்.

"அக்கா, நீங்க செஞ்சதுக்கு..." என்று ஆரம்பித்தார் இவர்.

"வாயை மூடும். ஒரு குளிர்காலம் பூரா ஒம்மை உசிரோட வச்சது எதுக்கு? எம் மூஞ்சிக்காகப் பட்டினி கெடக்கவா?"

கட்டைவிரலில் எச்சில் தொட்டு, நாங்கள் தடுப்பதற்குள் படத்திலிருந்த தன் முகத்தைத் தானே தேய்த்து அழித்தாள்.

இவர் அழுதுகொண்டே அந்த இடத்தில் அழகான ஒரு முகம் எழுதினார். மிர்ஸாவுக்குப் பிடித்தது. வேலையும் கிடைத்தது. வசீரா எங்களுக்குப் போட்ட சோற்றிலெல்லாம் பெரிய சோறு அதுதான்.

நன்றி சொல்லப் போனேன். "ரொட்டி வேணும்னா நில்லு. இல்லேன்னா வழியை விடு" என்றாள். ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். தொழுது முடித்துக் கையேந்தும்போது முதலில் அவள் பெயரைத்தான் சொல்கிறேன். அங்கே அவள் குறுக்கே பேச முடியாது.